வோல்டேஜ் அண்ணை தொலைத்த ஃபோர்ம்

லண்டனில் ஒரு தனி மனிதரைக் கண்டு ஒரு தெருவே மறுபக்கம் மாறி நடந்தது என்றால், அது வோல்டேஜ் அண்ணையைக் கண்டுதான். அப்டன் பார்க்கில் கிரீன் ஸ்ட்ரீட்டின் ஒரு முனையில் அவருடைய மஞ்சள் ஜாக்கெட் தெரிந்தால் போதும். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற சனம் கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குள் புகுந்துவிடும். அது என்ன கடை என்றும் பார்க்காது. ஒருமுறை என் கணவர் அப்படிப் புகுந்தது பெண்களுக்குப் புருவம் வழிக்கும் கடை. வெளியே வர வெட்கப்பட்டுப் பத்து நிமிடம் உள்ளேயே நின்றிருக்கிறார் மனிதர்.

அண்ணை சண்டைக்காரர் இல்லை, குடிகாரர் இல்லை. அவருடைய தோள் பையில் விண்ணப்ப ஃபோர்ம் இருந்தது. அவ்வளவுதான். உங்கள் வீட்டில் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடையில் ஒரு பிள்ளை இருந்தால் அந்த ஃபோர்மிலிருந்து உங்களுக்கு விமோசனம் இல்லை.

தொழில் எலக்ட்ரீஷியன். சொந்தப் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டுக்கு மட்டும் தெரியும். கல்யாணக் கார்டில்கூட ‘வோல்டேஜ் அண்ணை குடும்பம்’ என்றுதான் எழுதிக் கொடுப்போம். குடும்பம் என்றால் அவரும் அவருடைய மனைவி அக்காவும்தான், பிள்ளைகள் இல்லை. லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் பத்து வருடம் பெரிய பெரிய மெஷின்களுக்கு நடுவில் வேலை செய்ததில் காது கொஞ்சம் மந்தம். தனக்குக் கேட்காதது மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைத்துக்கொள்வார். அதனால் மெதுவாகக் கதைக்க அவருக்குத் தெரியாது. ‘சுகமா?’ என்று அவர் கேட்டால் பஸ்ஸில் மேல்தட்டில் இருப்பவர்களும் சுகம் என்பார்கள்.

ஜெர்மனியில் பழகிய இன்னொரு பழக்கம் கடுதாசி. ஒன்றையும் எறியமாட்டார், ஒன்றையும் தொலைக்கமாட்டார். லண்டனுக்கு வந்த முதல் நாள் எடுத்த பஸ் டிக்கெட்டை ஃபைலில் இருந்து எடுத்து எங்களுக்குக் காட்டியவர் அவர்.

ஃபோர்ம் வந்த கதை இது. எசெக்ஸ் பக்கம் ஒரு கிராமம். அந்த ஊர்ச் சனம் சேர்ந்து நடத்தும் மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருக்கிறது. வயலில் சோலார் தகடுகள், மேட்டில் ஒரு காற்றாடி. தகடு பூட்டும் வேலைக்குப் போன அண்ணை, மத்தியானச் சாப்பாட்டு நேரம் சங்கத்தின் தலைவியோடு கதை கொடுத்திருக்கிறார். அந்த வெள்ளைக்கார அம்மா கூட்டத்துக்கே ட்ராக்டரில் வருகிற ஆள். அவர் விபரம் சொல்லியிருக்கிறார்: ஒரு பங்கு வாங்கினால் யாரும் உறுப்பினராகலாம். உறுப்பினரின் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு வருடாவருடம் படிப்புக்கு உதவித்தொகை. அதோடு கோடை விடுமுறையில் ஒரு கிழமை, ஏழு நாளும் அங்கேயே தங்கி, இளையோர் தலைமைப் பயிற்சி. அதிலிருந்து ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம் நிர்வாக சபையில் இடம். எல்லாம் இருந்தும் விண்ணப்பிக்க ஆளில்லை. அந்த ஊரில் பிள்ளைகளைவிடச் செம்மறி ஆடுகள்தான் கூட.

அன்று பின்னேரம் எங்கள் பகுதியான பார்க்கிங் (Barking) ஸ்டேஷனில் வந்து இறங்கியவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“தங்கச்சி! நிர்வாக சபையில சும்மா ஒரு கதிரை கிடக்குது! இருக்க ஆளில்லையாம்!”

அன்றைக்குத் தொடங்கியது எங்கள் சனத்துக்குப் பிடித்த சனி. அவரும் சங்கத்தில் சேர்ந்தார், எங்களையும் சேர்த்தார், பாதிப் பார்க்கிங்கைச் சேர்த்தார். பிறகு ஃபோர்மும் கையுமாகத் திரிந்தார். கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும் என்பது முறை. அண்ணை சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் மேலில் மஞ்சள் ஜாக்கெட்டைத் திரும்பவும் போட்டுக்கொண்டு வந்தார். ஐயர் தீபத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன அண்ணை இது?”

“சட்டையைக் கழட்டிட்டன் ஐயா. இது சட்டை இல்லை, சேஃப்டி! ஃபோர்ம் இதுக்குள்ளதான் இருக்கு!”

சாறிக்கடை ரஞ்சி அக்காவின் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்திய வீடு. மண்டபம் பிடித்து, மேடை போட்டு, பிள்ளை நகையில் மூச்சு முட்ட நிற்கிறாள். எல்லோரும் கவர் கொடுக்கிறார்கள். அண்ணை கொடுத்த கவர் மட்டும் தலையணை மாதிரித் தடிப்பு. ரஞ்சி அக்காவுக்குப் பொறுக்கவில்லை, மேடையிலேயே ஓரமாகப் பிரித்துப் பார்த்தால் காசோடு நாலாய் மடித்த ஃபோர்ம்.

“அண்ணை, பிள்ளைக்கு இப்பத்தான் பன்னிரண்டு முடிஞ்சது!”

“தெரியும் ரஞ்சி! இன்னும் நாலு வருசம்தானே! வைச்சிருங்கோ, நல்ல கடுதாசி, மக்காது!”

வீடியோக்காரர் அதையும் எடுத்துவிட்டார்.

எங்கள் சனத்துக்கு ஒரு குணம். பிள்ளை பாஸ் பண்ணும்வரை பரீட்சை எழுதியதையே வெளியில் சொல்லமாட்டோம். பாஸ் பண்ணினாலும் ‘ஏதோ கடவுள் புண்ணியத்தில் தப்பிட்டான்’ என்போம். கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம். ஆகவே பகலில் அண்ணையைக் கண்டு ஓடிய அதே சனம், பிறகு ஒவ்வொருவராக, செருப்பு விடும் இடத்திலும் கார் பார்க்கிலும் அவரைத் தனியாகப் பிடித்து, மரக்கறிப் பைக்குள் ஒளித்து வைத்த ஃபோர்மை நீட்டியது. “அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.”

ரஞ்சி அக்காவும் மகனுடைய ஃபோர்மை அப்படித்தான் கொடுத்தார். கொடுத்துவிட்டு ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருப்பார், இந்தப் பக்கம் நின்று அண்ணை கையை ஆட்டிக் கத்தினார்:

“ரஞ்சி! பயப்பிடாதேங்கோ! நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்!”

கிரீன் ஸ்ட்ரீட் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அடுத்த நாள் நான் கடைக்குப் போனபோது ரஞ்சி அக்கா, நான் கேட்காமலே, “அது கடை வயரிங் விசயம்” என்றார்.

மகனுடைய இன்டர்வியூவுக்குத் தாயும் கூடவே போயிருக்கிறார். வாசலில் நிற்கச் சொன்னதற்கு, பிள்ளைக்கு வாய் வராது என்று சொல்லி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். உன்னுடைய பலவீனம் என்ன என்று ட்ராக்டர் அம்மா பையனைக் கேட்டாராம். பையன் வாயைத் திறக்குமுன் ரஞ்சி அக்கா பதில் சொல்லிவிட்டார்: “பலவீனம் ஒண்டும் இல்லை. சின்னனில கொஞ்சம் இழுப்பு இருந்தது. இப்ப சுகம்.” அந்தப் பையனுக்கு உதவித்தொகை கிடைத்தது. எப்படியென்று அண்ணைக்கே தெரியாது.

சிரித்தது போதும். இனி என் கதைக்கு வருகிறேன்.

அந்தச் சாமத்திய வீடு முடிந்து மூன்று வருடம் கழித்து, என் மகள் அபிராமிக்குப் பதினேழு. சபையில் அந்தக் கதிரை மட்டும் இன்னும் சும்மாதான் கிடந்தது. சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு அண்ணை ஒரு கோச் பிடித்து, இடியப்பப் பார்சலோடு எங்கள் எல்லோரையும் அந்தக் கிராமத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார். கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்து, தேநீர் குடித்து, கேள்வி இருக்கிறதா என்று கேட்டார்கள். எங்கள் சனம் கேள்வி கேட்குமா? எல்லோரும் காலைப் பார்த்தோம். அபி எழும்பினாள்.

“உங்கள் நிர்வாக சபையில் அறுபது வயதுக்குக் குறைந்த ஒருவரும் இல்லையே, ஏன்?”

எனக்கு அந்தக் கதிரைக்குக் கீழே போய்விடலாம் போல் இருந்தது. ட்ராக்டர் அம்மா விழுந்து விழுந்து சிரித்துக் கை தட்டினார். திரும்பி வரும் வழி முழுக்க அண்ணை கோச்சின் நடுவில் நின்றபடி, “பாத்தியளே! கேட்டியளே! பிள்ளை கேட்டாள்! இவள்தான்! அந்தக் கதிரை இவளுக்குத்தான்!” என்று கத்திக்கொண்டே வந்தார். இருக்கச் சொல்லி டிரைவர் கெஞ்சியும் பயனில்லை.

அபி மூன்று கிழமை இருந்து ஃபோர்மை நிரப்பினாள். பிளாட்டுகளில் மீட்டருக்கு முன்கூட்டியே காசு போட்டுக் கரண்ட் எடுக்கும் ஆட்களையும் இந்தச் சங்கத்தில் எப்படிச் சேர்க்கலாம் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். எனக்கு வாசித்துக் காட்டினாள். அவளுக்கு உதவித்தொகை பெரிதில்லை, அந்தச் சபையில் இருந்து கதைக்க வேண்டும் என்பதுதான் ஆசை. அந்தச் சங்கத்தில் எல்லாம் இன்னும் பேனாவும் கடுதாசியும்தான். பெற்றோர் ஒருவர் கையெழுத்து வைத்து, பரிந்துரைக்கும் உறுப்பினரிடம் கொடுக்க வேண்டும். அந்த உறுப்பினர் அண்ணை. கையெழுத்து நான்.

நான் வைக்கவில்லை.

யாரும் கேட்டிருந்தால் ஏ லெவல் படிப்பு கெட்டுவிடும் என்று சொல்லியிருப்பேன். முன்பின் தெரியாத இடத்தில் பொம்பிளைப் பிள்ளை ஒரு கிழமை தங்குவதா என்றும் சொல்லியிருப்பேன். இரண்டும் சாட்டு. அந்த ஃபோர்மின் மேலே பெரிய எழுத்தில் ‘இளையோர் தலைமை’ என்று இருந்தது. கீழே படம் ஒட்டி, முழுப்பெயர், விலாசம் எழுதச் சொல்லியிருந்தார்கள். எங்கள் காலத்தில், ஊரில் யுத்தம் நடந்தபோது, எழும்பி நின்று கேள்வி கேட்ட பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். பெயர் ஒரு பட்டியலில் வரக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். இது எசெக்ஸ், இது சோலார் தகடு, பட்டியல் போடுகிறது ட்ராக்டர் ஓட்டும் ஒரு அம்மா என்று புத்திக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. ஃபோர்மைக் கொண்டுபோய் அலுமாரியில் கறித்தூள் வாளிக்குப் பின்னால் வைத்தேன்.

அண்ணை ஒவ்வொரு நாளும் போன் அடித்தார். நான் எடுக்கவில்லை. கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. ஃபோர்ம் ஐந்து மணிக்கு முன் சங்கத்தின் ஆபீஸில் இருக்க வேண்டும். மத்தியானம் அபி டியூஷனுக்குப் போயிருந்தாள். பெல் அடித்தது. ஜன்னல் சீலை இடுக்கால் பார்த்தால் மஞ்சள் ஜாக்கெட். நானும் கணவரும் ஒரு வார்த்தை பேசாமல் சோபாவுக்குப் பின்னால் குந்திவிட்டோம். கவுன்சிலில் நல்ல வேலை பார்க்கிற இரண்டு பேர்!

பெல் திரும்ப அடிக்கவில்லை. போய்விட்டார் என்று நினைத்தோம். அவர் போகவில்லை, எங்கள் வெளிச்சுவரில் இருந்த மீட்டர்ப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு கடிதம் போடும் துவாரத்தால் குரல் வந்தது.

“தங்கச்சி! உள்ளுக்குத்தான் நிக்கிறியள்! மீட்டர் ஓடுது! இந்த ஓட்டம் ஃப்ரிட்ஜ் இல்லை, ரைஸ் குக்கர்! ஆளில்லாத வீட்டில சோறு தன்ரை பாட்டில அவியுமே?”

“நிப்பாட்டு, நிப்பாட்டு” என்று கணவர் கிசுகிசுத்தார். நான் தவழ்ந்து குசினிக்குப் போய் சுவிட்சை நிறுத்தினேன்.

“இப்ப நிப்பாட்டிட்டியள்! லைட் மினுங்கிறது குறைஞ்சிட்டுது! தங்கச்சி, சோறு அரைவேக்காடாய்ப் போகும், திரும்பப் போடுங்கோ! நான் கோவிக்கேல்லை! கையெழுத்து ஒண்டு மட்டும் வைச்சுத் தாங்கோ! காரை ஓடவிட்டிட்டு வந்து நிக்கிறன்!”

நாங்கள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் மீட்டர்ப் பெட்டியை மூடிப் பூட்டும் சத்தம் கேட்டது. பிறகு கார் போகும் சத்தம்.

பின்னேரம் அபி வந்ததும் வராததுமாகக் கேட்டாள். “அம்மா, ஃபோர்ம் குடுத்தாச்சா?”

“ஓம் குஞ்சு. அங்கிள் வந்து வாங்கிக்கொண்டு போட்டார்.”

அன்று இரவு மூவரும் அரைவேக்காட்டுச் சோறு சாப்பிட்டோம். அரிசி சரியில்லை என்று கணவர் சொன்னார்.

இரண்டு கிழமையாகப் பதில் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அண்ணை எதிரே வந்துவிட்டார். நான் அபியின் கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன். அவள் உதறிக்கொண்டு நேரே போனாள்.

“அங்கிள், என்ர ஃபோர்ம்? எல்லாருக்கும் இன்டர்வியூ கடிதம் வந்திட்டுது. எனக்கு வரேல்லை. அம்மா உங்களிட்டத்தானே தந்தவா?”

அண்ணை அவளைப் பார்த்தார். அவளுடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். ஒரு சொல், ஒரே ஒரு சொல் நான் அப்போது சொல்லியிருக்கலாம்.

“துலைச்சுப் போட்டன் பிள்ளை,” என்றார் அண்ணை. “அம்மா தந்தவா. நான்தான் எங்கையோ விட்டிட்டன். என்ரை பிழை.”

அவர் மெதுவாகக் கதைத்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பக்கத்தில் நின்ற ஆளுக்குக்கூடக் கேட்டிருக்காது.

அபியின் கண் நிறைந்துவிட்டது. திரும்பி வந்தாள். அன்றையிலிருந்து அவளும் மஞ்சள் ஜாக்கெட்டைக் கண்டால் ரோட்டைக் கடந்து மறுபக்கம் நடக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் ஓடும்போது பின்னால் கத்திக்கொண்டு வருகிற அண்ணை, அபி கடக்கும்போது மட்டும் கையில் இருந்த ஃபோர்மைப் பைக்குள் வைத்துவிட்டு, அவள் போகும்வரை அப்படியே நிற்பார். நான் இரண்டு மூன்று முறை கண்ணால் கண்டேன். ஒருமுறை தனியாகச் சந்தித்தபோது, “அண்ணை, நான்...” என்று தொடங்கினேன். “விடுங்கோ தங்கச்சி! சோறு வெந்துதே அண்டைக்கு?” என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தப்பிக்கொண்டேன். இன்னொரு நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு அபி யூனிவர்சிட்டிக்குப் போனாள், ஃபார்மசி படிக்க. விண்ணப்பிக்கிற வயதும் கடந்துவிட்டது. இன்னொரு நாள், இன்னொரு நாள் என்று இரண்டு வருடம் போனது.

போன மாசி மாதம் ஒரு வீட்டில் ஃபியூஸ் பார்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். ஆம்புலன்ஸ் வருமுன் முடிந்துவிட்டது.

பிள்ளை குட்டி இல்லாத மனிதரின் செத்த வீட்டுக்கு ஆர் வரப்போகிறார்கள், ஒரு சின்ன மண்டபம் போதும் என்று நினைத்திருந்தோம். போய்ப் பார்த்தால் வெளியில் வரிசை. எல்லாம் இளம் பிள்ளைகள். லீட்ஸிலிருந்தும் கார்டிஃபிலிருந்தும் ரயில் பிடித்து வந்திருந்தார்கள். பின்னால் அவர்களுடைய தாய்மார். தாய்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வை இருக்கிறதே, அண்ணை இருந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.

“ஓ... உங்கடை மகனும் எடுத்தவரே?”

“அது... ஏதோ... உங்கடை மகள்?”

ரஞ்சி அக்காவின் மகனும் வந்திருந்தான், மகளும் வந்திருந்தாள். மகள் எல்லோருக்கும் கேட்கும்படி, “நான் போட்டது என்ர சாமத்திய வீட்டுக் கவரில வந்த அதே ஃபோர்ம்” என்றாள். ரஞ்சி அக்கா சாறித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அழுதாரா வெட்கப்பட்டாரா என்று தெரியவில்லை.

அபியும் வந்திருந்தாள். ‘மரியாதைக்கு வாறன், அவ்வளவுதான்’ என்று சொல்லித்தான் வந்தாள். ஓரமாக நின்றவளிடம் ட்ராக்டர் அம்மா வந்தார், கறுப்புக் கோட்டும் சேறு படிந்த பூட்ஸுமாக.

“நீதானே அந்தக் கேள்வி கேட்ட பிள்ளை?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “அந்தச் சனிக்கிழமை எங்களை ஆபீஸைப் பூட்ட விடவில்லையே இந்த மனிதர். ஐந்து மணி ஆனது, ஆறு மணி ஆனது, வாசலில் நிற்கிறார். பிள்ளையின் ஃபோர்ம் இன்னும் கைக்கு வரவில்லை, எப்படியும் வரும், கொஞ்சம் பொறுங்கள் என்கிறார். அடுத்த வருடமும் உன்னைப் பற்றித்தான் கேட்டார், வயதைக் கொஞ்சம் தளர்த்த ஏலாதா என்று. நீ ஏன் அதை அனுப்பவில்லை?”

அபி திரும்பினாள். அவ்வளவு சனத்துக்கு நடுவில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். நான் காலைப் பார்த்தேன், பொதுக்கூட்டத்தில் பார்த்தது போலவே.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்து, கறித்தூள் வாளியை நகர்த்தி, ஃபோர்மை எடுத்து மேசையில் வைத்தேன். ஓரமெல்லாம் மஞ்சளாகி, பிரித்தால் தும்மல் வருகிற அளவுக்கு மணம். அபி தான் எழுதிய இரண்டு பக்கத்தையும் முழுவதும் வாசித்தாள். என்னைப் பேசுவாள், கத்துவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டு வருசம் அம்மா,” என்றாள். “அவருக்கு ஒரு ஹலோகூடச் சொல்லேல்லை நான்.”

“அம்மாவுக்குப் பயம் குஞ்சு.”

“அது விளங்குது. அங்கிளுக்கும் விளங்கியிருக்கு. ஆனா நான் சொல்லித் திரிஞ்சதை நம்பி எல்லாரும் இப்பவும் அவர் என்ர ஃபோர்மைத் துலைச்சவர் எண்டுதானே நினைக்கினம்? நீங்கள் பேப்பரில எழுதுறனீங்கள்தானே. எழுதுங்கோ. அங்கிள் கதைக்கிற மாதிரிச் சத்தமா எழுதுங்கோ.”

ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்று ஊர் முழுக்கக் கத்திய மனிதர், உண்மையில் ஒருத்தருக்கும் சொல்லாமல் காப்பாற்றிய இரகசியம் என்னுடையது ஒன்றுதான். அதை இன்று நானே உடைக்கிறேன். பார்க்கிங், அப்டன் பார்க், லூயிஷாம், இந்தப் பத்திரிகை போகிற எல்லா வீட்டிலும் உள்ளவர்கள் கேளுங்கள். வோல்டேஜ் அண்ணை தன் வாழ்நாளில் ஒரு கடுதாசியையும் தொலைக்கவில்லை. என் மகளின் ஃபோர்ம் எங்கள் வீட்டில் கறித்தூள் வாளிக்குப் பின்னால் இருந்தது. அந்தச் சனிக்கிழமை நாங்கள் உள்ளேதான் இருந்தோம்.

அண்ணை, இந்தச் சத்தம் போதுமோ? கேக்குதோ?